வயிறு நிறைகிறது, மாடு இளைக்கிறதே! – வாசகர் கேள்வி, கால்நடை மருத்துவர் பதில்

வேலூரை அடுத்த கணியம்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஊரையும் ஆளையும் காட்டிக்கொடுக்கும் விவரங்களை விட்டுவிட்டேன். கணவர் ராணுவத்தில் இருக்கிறார். மூன்று ஏக்கரையும் நான்கு ஜெர்சி கலப்பினக் கறவை மாடுகளையும் இவரும் மாமியாரும்தான் பார்த்துக்கொள்கிறார்கள். மூன்று வருடமாகக் கழனிக்கு உரமூட்டை கிடையாது, பூச்சிமருந்து கிடையாது. பாகாயத்தில் சில வீடுகளுக்குப் பால் ஊற்றுகிறார். அதில் ஒரு வீட்டம்மா, "மூட்டைத் தீவனம் தின்கிற மாட்டுப் பாலை எப்படி இயற்கைப் பால் என்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டார். அது இவரை உறுத்தியிருக்கிறது. மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாளே கம்பெனித் தீவனத்தை அடியோடு நிறுத்திவிட்டார்.

அன்றிலிருந்து மாடு ஒன்றுக்கு 15 கிலோ கோ 4 புல், பக்கத்துக் கழனியில் வாங்கிய வைக்கோல் வேண்டிய மட்டும், தொட்டித் தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா 2 கிலோ, ஊறவைத்து ஆட்டிய பருத்திக்கொட்டை அரை கிலோ. கல்யாண மண்டபத்தில் சோறு மீந்தால் அதுவும். நான்கு மாட்டிலும் சேர்த்து நாளுக்கு 36 லிட்டர் கறந்தது இப்போது 22 லிட்டருக்கு வந்துவிட்டது. ஒரு மாட்டுக்கு மூன்று முறை கருவூட்டல் ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. இன்னொன்று மண்டபத்துச் சோறு தின்ற ராத்திரி வயிறு உப்பிப் படுத்து, ஊர் மருத்துவர் வந்து காப்பாற்றியிருக்கிறார். மாமியார் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார்: "வயித்துக்கு இல்லாத மாட்டுக்கு இயற்கை என்னா, செயற்கை என்னா?" கம்பெனித் தீவனம் இல்லாமல் கறவையைத் திரும்பக் கொண்டுவர முடியுமா, உறவினர் சொல்கிறபடி யூரியா வைக்கோல் போடலாமா, ஆடியில் தீவனச் சோளம் விதைக்கலாமா, இந்தப் பாலை 'இயற்கைப் பால்' என்று சொல்லி விற்கலாமா, சினை நிற்காத மாட்டைப் பொய்கை மாட்டுச் சந்தையில் விற்றுவிடலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

சகோதரிக்கு,

உங்கள் மாமியார் சொன்னதில் பாதிக்கு மேல் சரி. அவரிடம் சொல்லிவிடுங்கள், எனக்கும் உங்கள் வீட்டில் நல்ல பெயர் கிடைக்கட்டும்.

நீங்கள் கொடுக்கும் எதுவும் கெட்டது இல்லை. ஆனால் கணக்குப் போட்டால் ஆளை அடிக்கிறது. 350 கிலோ எடையுள்ள கலப்பினப் பசு ஒன்பது லிட்டர் கறக்க, உடம்பைக் காப்பாற்றிக்கொள்வதற்கும் பாலுக்கும் சேர்த்து நாளுக்கு ஏறக்குறைய 1,150 கிராம் புரதம் வேண்டும். உங்கள் 15 கிலோ புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். மீதி மூன்று கிலோ உலர்பொருளில் கிடைக்கும் புரதம் 270 கிராம். வைக்கோலில் புரதம் நூற்றுக்கு மூன்று, நான்குதான். ஐந்து கிலோ தின்றாலும் 160 கிராம் தேறினால் அதிகம். பருத்திக்கொட்டை 100 கிராம் தரும். அசோலாவைப் பிறகு சொல்கிறேன். எல்லாம் சேர்ந்தும் 560 கிராம். தேவையில் பாதிகூட இல்லை. மாவுச்சத்துப் பக்கமும் இதே கதைதான். வைக்கோல் வயிற்றை நிரப்பிவிடுவதால் மாடு கத்தாது. கத்தாத மாட்டைப் பார்த்து நாம் திருப்தியாகிவிடுகிறோம். அது தன் முதுகுச் சதையைக் கரைத்துத்தான் அந்த 22 லிட்டரையும் தருகிறது. கடைசி விலா எலும்புகள் எண்ணும்படி தெரிகின்றனவா என்று பாருங்கள்.

இதில் ஒரு நியாயமும் சொல்லவேண்டும். மாடுகள் கன்று போட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. தையில் உச்சத்தில் இருந்த கறவை ஆனியில் தானாகவே இறங்கியிருக்கும். நடுவில் நம்மூர் அக்னி நட்சத்திரம் வேறு. ஜெர்சி ரத்தம் உள்ள மாடு 40 டிகிரியில் தின்பதையே குறைத்துவிடும். ஆகவே குறைந்த 14 லிட்டரையும் தீவனத்தின் தலையில் போடாதீர்கள். திருத்திய பிறகும் முழு 36 லிட்டர் உடனே வந்துவிடும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம்.

அசோலாவைப் பற்றி ஒரு வார்த்தை

அசோலாவில் 25 சதவீதத்துக்கு மேல் புரதம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பொய் இல்லை. ஆனால் அது காய்ந்த அசோலாவின் கணக்கு. தொட்டியிலிருந்து அள்ளும் பச்சை அசோலாவில் நூற்றுக்கு ஆறு பங்குதான் உலர்பொருள். 2 கிலோவில் 120 கிராம், அதில் புரதம் 30 கிராம். ஒரு கைப்பிடி மல்லாட்டைப் (நிலக்கடலைப்) புண்ணாக்கில் இருப்பதுதான் அவ்வளவும். போடுங்கள், நல்லது, தாதுச்சத்தும் உண்டு. சாப்பாட்டுக்கு ஊறுகாய் மாதிரி. ஊறுகாயைத் தொட்டுக்கொள்ளலாம், அதையே சாப்பாடாக வைக்க முடியாது. தொட்டிக்கு சூப்பர் பாஸ்பேட் என்ற ரசாயன உரம் போடச் சொல்லிக்கொடுத்திருந்தால் அதையும் நிறுத்தவேண்டும். அங்கக முறையில், அதாவது இயற்கை வேளாண்மையில், அதற்கு இடமில்லை. சாணியும் ராக் பாஸ்பேட்டும் போதும்.

கழனியில் என்ன வேண்டும்

கம்பெனித் தீவனம் விஷம் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை நிறுத்தியது தவறு என்றும் சொல்லவில்லை. அதன் இடத்தில் வேறொன்றை வைக்காமல், அதுவும் ஒரே நாளில் நிறுத்தியதுதான் தவறு. மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் உண்மையில் தீவனத்தைத் தின்கின்றன. மாடு அவற்றின் உழைப்பில் வாழ்கிறது. தீவனம் மாறினால் அவை பழக இரண்டு வாரமாவது வேண்டும். இனி நான் சொல்லும் மாற்றங்களையும் அப்படியே, தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள்.

உங்களிடம் இல்லாதது பயறுவகைத் தீவனம். புல் மூன்று பங்கு, பயறுவகையோ மரத்தழையோ ஒரு பங்கு என்பது நல்ல கலவை. வேலிமசால் என்ற பயறுவகைச் செடியை ஒருமுறை விதைத்தால் சில ஆண்டுகளுக்கு அறுக்கலாம். வரப்பில் அகத்தி, வேலியோரம் கிளிரிசிடியா, கிணற்றடியில் முருங்கையும் கல்யாண முருங்கையும். உங்கள் மாமியார் அகத்தி ஒடித்துப் போட்டதை "அந்தக் காலத்து வழக்கம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அகத்திக்கீரையின் உலர்பொருளில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம் இருக்கிறது. அந்த வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

மாடு ஒன்றுக்கு 20 கிலோ புல்லும் 6 கிலோ பயறுவகைத் தழையும் என்றால் நான்கு மாட்டுக்கு நாளுக்கு நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கோ 4 ஏக்கருக்கு ஆண்டுக்கு 150 டன் தரும் என்று அச்சடித்த தாள்களில் இருக்கும். நம்மூர் போர்வெல் தண்ணீரையும் வெறும் தொழுவுரத்தையும் நம்பி அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் கணக்கில் வைக்கச் சொல்வேன். அப்படி வைத்தாலும் புல்லுக்கு 60 சென்ட், வேலிமசாலுக்கு 40 சென்ட், மரங்கள் தனி. ஒரு ஏக்கர் மாட்டுக்குப் போய்விடும். அதற்கு மனம் ஒப்பாவிட்டால் நான்கு மாட்டை மூன்றாக்குங்கள். அதை நான் தோல்வியாகப் பார்க்கமாட்டேன். நிலத்துக்கு ஏற்ற மாடு வைப்பதுதான் அங்ககப் பண்ணையின் முதல் பாடம்.

புல்லை முதல் அறுப்புக்குப் பின் 45 நாளுக்கு ஒருமுறை அறுத்துவிடுங்கள். ஆளுயரத்துக்கு மேல் விட்டால் தண்டு முற்றி, எடை கூடும், சத்து இறங்கும். நறுக்கிப் போட்டால் வீணாவது குறையும். இந்தப் புல்லில் ஆக்ஸலேட் உண்டு, சுண்ணாம்புச் சத்தை மாட்டுக்குச் சேரவிடாது. அதனால்தான் தாது உப்புக் கலவை தினமும் 50 கிராம் கட்டாயம் என்கிறேன். கால்நடைப் பல்கலைக்கழகம் தயாரிக்கும் தானுவாஸ் கலவை வேலூரில் உள்ள அதன் பயிற்சி மையத்தில் கேட்டால் கிடைக்கும். தாது உப்பு போட்டால் இயற்கை கெட்டுவிடும் என்று நிறுத்தியிருந்தால், அங்கக விதிகளே அதை அனுமதிக்கின்றன.

அடர்தீவனத்தை வீட்டிலேயே கலக்கலாம். நூறு கிலோவுக்கு உடைத்த கம்பு அல்லது மக்காச்சோளம் 35, மல்லாட்டைப் புண்ணாக்கு 25, அரிசித் தவிடு 27, உளுந்துப் பொட்டோ துவரம் பொட்டோ 10, தாது உப்பு 2, சமையல் உப்பு 1. கேழ்வரகு உங்கள் கொல்லையிலேயே விளைந்தால் கம்புக்குப் பதில் அதையே போடலாம். காசு கொடுத்து வாங்கிப் போட்டால் கட்டாது. இந்தக் கலவையில் புரதம் 18 சதவீதத்துக்கு மேல் வரும், தாது உப்பும் இதிலேயே அடங்கிவிடும். பத்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கு மேலே சொன்ன பசுந்தீவனத்தோடு 4 கிலோ போதும், வைக்கோலும் மல்லாட்டைக் கொடியும் சேர்த்து 2 கிலோ. பால் கூடினால் இரண்டரை லிட்டருக்கு ஒரு கிலோ என்று ஏற்றுங்கள். மல்லாட்டைக் கொடியை வைக்கோலுக்கும் கீழாக மதிக்கிறோமே என்பது என் தனிப்பட்ட வருத்தம். நம் பக்கத்தில் அதைச் சும்மா தூக்கிக்கொடுத்துவிட்டு வைக்கோலைக் காசுக்கு வாங்குகிறோம்.

வெயில் காலத்தில் பசுந்தீவனத்தையும் அடர்தீவனத்தையும் விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் வையுங்கள். வைக்கோலை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எந்நேரமும் நிழலில் இருக்கட்டும்.

இயற்கை என்று நம்பி வாங்குகிறவை

இந்த இடத்தில்தான் உங்கள் நல்லெண்ணம் உங்களை ஏமாற்றுகிறது. பருத்திக்கொட்டையைவிட நாட்டுப்புறமான தீவனம் ஏது என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் இந்தியாவில் 2002-இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்த பிறகு, இன்று விளையும் பருத்தியில் 90 சதவீதத்துக்கு மேல் மரபணு மாற்றப்பட்டதுதான். தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் விதிகள் மரபணு மாற்றப் பயிரைத் தீவனமாக ஏற்பதில்லை. மாட்டுக்குக் கெடுதலா என்றால் அது வேறு கேள்வி. 'அங்ககம்' என்ற சொல்லுக்கு அது பொருந்தாது. அதேபோல் ஹெக்சேன் போன்ற கரைப்பான் ஊற்றி எண்ணெய் எடுத்த சோயாப் புண்ணாக்கும் எண்ணெய் நீக்கிய தவிடும் தள்ளுபடி. செக்கில் ஆட்டிய புண்ணாக்கு சரி.

யூரியா வைக்கோல் நல்ல தொழில்நுட்பம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவைப்பது. எத்தனையோ ஏழை வீட்டு மாடுகளுக்கு நானே செய்து காட்டியிருக்கிறேன். உங்கள் உறவினர் சொன்னது அவர் பண்ணைக்குச் சரி. ஆனால் அங்ககத் தீவன விதிகளில் யூரியா பெயர் சொல்லியே விலக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் வேலிமசாலைப் போடுங்கள். அது காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துத் தரும்.

மல்லாட்டைப் புண்ணாக்கில் ஒரு பயம் உண்டு. ஈரத்தோடு மூட்டை கட்டிய மல்லாட்டையில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சாணம் வரும், அது அஃப்ளாடாக்சின் நச்சை உண்டாக்கும். மாடு தின்றால் அந்த நச்சின் ஒரு வடிவம் பாலில் இறங்கும். காய்ச்சினாலும் போகாது. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி பாலில் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. பூஞ்சாணமும் இயற்கைதான், யாரும் மருந்தடித்து வளர்ப்பதில்லை! மக்கல் வாசனையோ பச்சைப் பூப்போ இருந்தால் அந்தப் புண்ணாக்கைக் கோழிக்குக்கூடப் போடாதீர்கள். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, பலகைமேல் அடுக்கி வையுங்கள்.

பக்கத்துக் கழனி வைக்கோலில் அவர் அடித்த மருந்து இருக்கலாம். உங்கள் நெல் வைக்கோல் எத்தனை மாதத்துக்கு வரும் என்று பாருங்கள். மீதிக்கு சோளத்தட்டோ ஊறுகாய்ப் புல்லோ (பசுந்தீவனத்தைக் காற்றுப் புகாமல் மூடிப் பதப்படுத்தியது) தயார் செய்துகொள்ளுங்கள். வெளியில் புல் வாங்கும் நிலை வந்தால், எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று கேளுங்கள். பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைக் கழிவு பட்ட நிலங்கள் எங்கெங்கே என்று நம்மூரில் சொல்லித் தெரியவேண்டியதில்லை. உச்ச நீதிமன்றம் 1996-லேயே பேசிய விஷயம் அது.

மண்டபத்துச் சோறு

இதை இன்றோடு நிறுத்துங்கள். வெந்த சோறு மாட்டின் வயிற்றில் சில மணி நேரத்தில் புளித்து அமிலமாகிவிடும். ஒவ்வொரு ஆண்டும் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் எனக்கு ஓய்வே இருந்ததில்லை. அன்பாகப் பானைப் பொங்கலையும் ஊட்டிவிட்டு, விடிந்ததும் "டாக்டர், மாடு எழுந்திரிக்கல" என்று வந்து நிற்பார்கள். உங்கள் மாடு பிழைத்தது அதிர்ஷ்டம். அசை போடாமல் நிற்பது, புளித்த வாடையோடு கழிச்சல், கண் உள்ளே போவது ஆகியவை தெரிந்தால் உடனே 1962 எண்ணுக்கு அழையுங்கள், நடமாடும் மருத்துவ வண்டி வரும். நின்றுகொண்டு, நன்றாக விழுங்கக்கூடிய மாடாக இருந்தால் 100 கிராம் ஆப்பச்சோடாவை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து மெதுவாகப் புகட்டலாம். படுத்துவிட்ட மாட்டுக்கு வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும்.

ஆடியில் சோளம்

விதைக்கலாம். நல்ல தீவனம், ஊறுகாய்ப் புல்லுக்கும் ஏற்றது. ஆனால் பூக்கும் முன்னால் இளஞ்சோளத்தை மாடு வாய் வைக்க விடாதீர்கள். அதிலும் வறட்சியில் வாடி நிற்கும் பயிரும், அறுத்த தாம்பில் மழைக்குப் பிறகு துளிர்க்கும் குருத்தும் சயனைடு நச்சு நிறைந்தவை. தின்ற அரைமணிக்குள் மூச்சுத் திணறி விழும், மாற்று மருந்து ஊசி போட்டு முடிப்பதற்குள் பல மாடுகளை இழந்திருக்கிறேன். ஆடிக்காற்று மட்டும் அடித்து மழை ஏமாற்றும் வருடத்தில் இது அதிகம். கட்டவிழ்ந்த மாடு சோளக்கொல்லைப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது உங்கள் வீட்டுச் சின்னப்பிள்ளைகளுக்கும் தெரியட்டும்.

பாலுக்கு என்ன பெயர்

சட்டம் என் துறை இல்லை, எனக்குத் தெரிந்த அளவு சொல்கிறேன். அங்கக உணவு விற்பனைக்கு 2017-ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன. சிறு உற்பத்தியாளர் நேரடியாக வீடுகளுக்கு விற்கும்போது சான்றிதழிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் அரசின் அங்ககச் சின்னம் எதையும் போடக்கூடாது. சான்றிதழ் வேண்டுமென்றால் அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறை ஒரு வழி. ஐந்து விவசாயிகளாவது சேர்ந்து ஒருவர் பண்ணையை ஒருவர் பார்த்து உறுதிசொல்லும் பி.ஜி.எஸ். முறை இன்னொரு வழி, செலவும் குறைவு. விவரத்துக்கு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். விலக்கு இருந்தாலும், இத்தனை மாதம் பருத்திக்கொட்டையும் வெளி வைக்கோலும் போட்ட பாலை அங்ககப் பால் என்று சொல்வது சரியாகாது. அந்த வீட்டம்மாவிடம் இப்படிச் சொல்லலாம்: "ரசாயன உரம் போடாத எங்கள் கழனிப் புல்லும், வீட்டில் கலந்த தீவனமும் தின்கிற மாட்டுப் பால்." இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, விலை குறையவும் காரணம் இல்லை.

இன்னொன்று. மடிநோய் வந்தபோது ஆன்டிபயாடிக் போட்டால் இயற்கை கெட்டுவிடுமே என்று இரண்டு நாள் மஞ்சளும் சோற்றுக்கற்றாழையும் தடவிக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அங்கக விதி எதுவும் நோயுற்ற மாட்டைத் தவிக்கவிடச் சொல்லவில்லை. மருத்துவம் செய்யத்தான் சொல்கிறது. வழக்கமாகப் பாலை ஒதுக்கும் நாட்களைப் போல் இரண்டு மடங்கு நாட்கள் ஒதுக்கவேண்டும், அவ்வளவுதான். மஞ்சளும் கற்றாழையும் தடவலாம், டாக்டருக்குப் போன் செய்துவிட்டுத் தடவுங்கள்.

கடைசியாக அந்தச் சினை நிற்காத மாடு. இளைத்துக்கொண்டே வரும் மாட்டின் உடம்பு, கன்று சுமக்க இது நேரமில்லை என்று தானே முடிவு செய்துவிடும். ஊசியில் குறை இல்லாமலும் இருக்கலாம். இப்போது நான்காவது ஊசி வேண்டாம். புதுத் தீவனத்துக்குப் பழக்கி, எடை ஏற ஆரம்பித்ததும் கருப்பைப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். இரண்டு மாதத்துக்குள் சினைப்பருவம் தெளிவாகத் தெரிந்தால், காலையில் தெரிந்ததற்கு அன்று மாலையும் மாலையில் தெரிந்ததற்கு மறுநாள் காலையும் ஊசி போடுங்கள். அதுவரை சந்தை கூடும் எந்தச் செவ்வாய்க்கிழமையும் அதைப் பொய்கைக்கு ஓட்டவேண்டாம். இப்போதைய உடம்போடு போனால், சந்தையில் அதைப் பார்க்கிற முதல் தரகரே விலா எலும்பை எண்ணித்தான் விலை சொல்வார்.